கண்ணாடி வூட்டு பிகோனியா

அன்னைக்கு காலைல பல்லு தேய்ச்சிக்கினே ஒரு முடிவு எடுத்தேன். எம்பொண்டாட்டி செல்வகுமாரிய மொரேல் துரை தோட்டத்துப் பக்கம் தலைவச்சுக்கூட படுக்க விடக் கூடாது. உயிரே போனாலும் சரி. அவ உயிரு இல்லைங்க, என் உயிரு. நம்ம வூட்டுல அதைத்தானே பணயம் வைக்க முடியும்.

என்னைப் பத்தி சொல்லிடறேன். பேரு உலகநாதன். கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவுல போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நெல்லு வயல்ல கல்லு நட்டு பிளாட் போட்டவனுக்கு நோட்டீஸ் படம், எல்லாம் நான்தான். நான்தானா இருந்தேன். இப்போ மீசை மொளைக்காத பசங்க ட்ரோனைப் பறக்க விட்டு என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டானுங்க. மிச்சம் இருக்கிற வேலை கம்ப்யூட்டர்ல மாப்பிள்ளை மண்டையில முடி போடறதும் சம்பந்தி தொப்பையைக் கரைக்கிறதும்தான். இத்தினி வருசத்துல ஒருத்தர் கூட 'இந்தப் படம் யாரு எடுத்தது'ன்னு கேட்டதில்ல. சம்பந்திக்கு என்ன வயசுன்னுதான் கேட்டிருக்காங்க.

அப்படி இருக்கும்போதுதான் மொரேல் துரை தோட்டத்து மேனேஜர் பிரிட்டோ என்னைத் தேடி வந்தாரு. தோட்டம் வில்லியனூர் போற வழியில இருக்குது. பிரெஞ்சுக்காரன் காலத்து பங்களா. பின்னாடி இரும்புக் கம்பியும் கண்ணாடியுமா ஒரு கூடாரம். கண்ணாடி வூடுன்னு ஊர்ல சொல்லுவாங்க. உள்ள எல்லாமே வெளிதேசத்துச் செடி. பூச்சி தின்ற குடுவைச்செடி, மான் கொம்பு மாதிரி தொங்கற செடி, பூவா வண்டான்னு தெரியாத ஆர்க்கிட். ஓனரு பாரீசுல இருக்கிற ஒரு வயசான அம்மா. பங்களாவை டூரிஸ்ட்டுங்க தங்கற மாதிரி மாத்தறாங்களாம். ஹால்ல மாட்டறதுக்கு செடிங்களை பெருசு பெருசா பத்துப் படம் வேணுமாம்.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பித்தளத் தகட்டுல ஒங்க பேரு இருக்கும் சார்"ன்னாரு பிரிட்டோ.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி. செடிங்க என்னை வெளுப்பாக்குன்னு கேக்காது. கண்ணை மூடாது. அதுக்கு மேல பித்தளத் தகடு. சரின்னு தலையாட்டினேன்.

"ஆனா ஒரே ஒரு ரூலு. உள்ள ஒரு இலை கூட கிள்ளக் கூடாது. கிள்ளினவங்களுக்கு இந்தத் தோட்டத்துல வேலையும் கிடையாது, பேரும் கிடையாது. பெரிய துரை காலத்துல இருந்து இதான் சட்டம்."

நான் தலையாட்டறதை நிறுத்தினது அப்பதான். ஏன்னா எங்க வூட்டுல இருக்கிறவளப் பத்தி எனக்குத் தெரியும்.

செல்வகுமாரி நல்லவ. நகை கேக்க மாட்டா, பொடவை கேக்க மாட்டா. செடியை மட்டும் கேக்கவும் மாட்டா. எடுத்துக்குவா. எங்க வூட்டு வாசல்ல இருக்கிற செடியில ஒண்ணு கூட காசு குடுத்து வாங்கினது இல்ல. காசு குடுத்தா செடி புடிக்காதாம். கேட்டு வாங்கினா மூஞ்சத் தூக்கி வச்சிக்குமாம். அடுத்தவங்களுக்குத் தெரியாம கிள்ளிக்கினு வந்து வச்சாதான் ஜம்முனு வருமாம். எங்க பக்கத்துப் பொம்பளைங்க பாதிப் பேரு இதை வேதவாக்கா வச்சிருக்காங்க. மத்தவங்க எல்லாம் ஏதோ ஆசைக்குச் செய்யறவங்க. இவ தொழிலா செய்யறவ. குருவிநத்தத்துல பெரியப்பா செத்துப்போனப்போ மாரடிச்சி அழுதா பாருங்க, ஊரே உருகிடுச்சி. திரும்பி வரும்போது முந்தானையில மூணு வகை குரோட்டன்சு. தாலுக்கா ஆபீசு வாசல்ல இருந்த மணி பிளான்ட் இப்போ எங்க சமையல் ரூம்பு ஜன்னல்ல ஏறுது.

அதனாலதான் அந்த முடிவு. வேலைக்குக் கிளம்பும்போதே பொய்யோடதான் கிளம்பினேன்.

"எங்கங்க போறீங்க?"

"பாகூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லு. மெசினெல்லாம் படம் புடிக்கணுமாம்."

"சரிங்க. பார்த்து போய்ட்டு வாங்க."

அவ்வளவு சுலபமா முடிஞ்சுது. எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சி. சாயங்காலம் வூட்டுக்குள்ள நுழைஞ்சதும் அந்த மரியாதை செருப்போட சேர்ந்து வெளியவே நின்னுடுச்சி.

"மில்லுக்குப் போனா தலையெல்லாம் தவிடு இருக்கணுமே. இன்னாங்க முட்டியில பாசி இருக்குது?"

"மில்லுக்குப் பின்னாடி ஒரு கொளம்."

"கொளத்துல இன்னாத்துக்கு மண்டி போட்டீங்க?"

"மெசினு கீழ இருந்துது."

"கொளத்துலயா?"

நான் தண்ணி குடிச்சேன். ஒரு சொம்புத் தண்ணி முழுசா. அவ அது முடியற வரைக்கும் காத்திருந்தா.

"காலைல கிட்டக்க வச்சி எடுக்கற லென்ஸு எடுத்துக்கினு போனீங்க. அது மோதரமும் தாலியும் எடுக்கற லென்ஸு. மில்லுல யாருக்குத் தாலி கட்டறாங்க?"

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லணும். எங்க வூட்டுல 'ஏங்க'ன்னா சமாதானம். 'யோவ்'ன்னா விசாரணை முடிஞ்சுது, தீர்ப்பு வரப்போவுதுன்னு அர்த்தம்.

"யோவ்"ன்னா.

சொல்லிட்டேன். தோட்டம், கண்ணாடி வூடு, பித்தளத் தகடு, பிரிட்டோ போட்ட ரூலு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். பிகோனியாவைப் பத்தியும் சொல்லித் தொலைச்சேன். அங்க ஒரே ஒரு தொட்டியில இருக்குது. இலை ஒண்ணொண்ணும் உள்ளங்கை அகலம். நடுவுல கருஞ்செவப்பு, சுத்தி வெள்ளி, ஓரத்துல மறுபடியும் செவப்பு. அந்த பாரீசு அம்மாவோட அம்மா ஆசையா வளத்ததாம். அந்தப் படம்தான் ஹாலுக்கு நடுவுல மாட்டப் போறது.

கேட்டுட்டு அவ கொட்டாவி விட்டா.

"இதுக்குத்தான் பொய் சொன்னீங்களா? வெள்ளக்காரன் செடி எனக்கு இன்னாத்துக்கு? இருக்கிறதுக்கே தண்ணி ஊத்தி மாளல. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன் போங்க."

ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். வூட்டுல ஜெயிச்சிப் பழக்கம் இல்லாததால, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலைங்க.

மறுநாள்தான் வெயிலு என் கழுத்துல கத்தி வச்சிது. கண்ணாடி வழியா வர்ற வெயிலு இரும்புக் கம்பி நிழலோட சேர்ந்து வருது. ஒவ்வொரு இலை மேலயும் ஜெயில் கம்பி மாதிரி கோடு. வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சரியான சாய்வுல புடிச்சாதான் அது கரையும். வழக்கமா எனக்கு லைட்டு புடிக்கிற தமிழ்க்குமரன் அந்த ட்ரோன் கும்பலோட போய்ச் சேர்ந்துட்டான். பிரிட்டோவே வந்து புடிச்சாரு. மனுசன் பேசும்போது ரெண்டு கையையும் ஆட்டிப் பேசறவரு. பேசாம இருக்கவும் அவரால முடியல.

இருபது வருசமா கல்யாண மண்டபத்துல என் கூட நின்னு லைட்டு புடிச்ச ஒரே ஆளு இன்னும் பாக்கி இருந்தா. அவளைத்தான் அண்ட விட மாட்டேன்னு முடிவு எடுத்திருந்தேன்.

"குமாரி, நாளைக்கு ஒரு நாளு வந்து தெர்மாகோல் புடிக்கிறியா?"

"நான் வரலங்க."

"ஒரே ஒரு நாளு."

"நான் திருடி. என்னை உள்ள விட்டா ஒங்க பேரு கெட்டுடும்."

"யாரு அப்படி சொன்னது?"

"நீங்கதான். நேத்து. உம்முனு ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு."

கெஞ்சினேன். சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல. அவளுக்குப் புடிச்ச மெதுபக்கோடா வாங்கியாந்து தட்டுல வச்சிட்டு கெஞ்சினேன். அதைத் தின்னு முடிச்சிட்டு மனசு எறங்கினா. அப்பவும் நான் ஏமாறலை. வில்லியனூர் கோயிலுக்குக் கூட்டிக்கினு போய் கோகிலாம்பா சன்னதியில நிக்க வச்சேன்.

"சத்தியம் பண்ணு."

"கோகிலாம்பா மேல சத்தியமா, என் கையால ஒரு இலை கிள்ள மாட்டேன்."

தீபாராதனை காட்டிக்கினு இருந்த ஐயரே ஒரு நிமிசம் திரும்பிப் பார்த்தாரு. அப்படி ஒரு பக்தியோட சொன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிடுச்சி.

இருந்தாலும் ஜாக்கிரதையா இருந்தேன். கைப்பை வேணாம்னேன். சரின்னா. கர்ச்சீப் வேணாம்னேன். சரின்னா. கொண்டை போடாத, பின்னிக்கன்னேன். "கொண்டைக்குள்ள செடி வச்சிக்கினு வர்ற அளவுக்கு நான் பெரிய ஆளு இல்லைங்க"ன்னு சிரிச்சா. தாலுக்கா ஆபீசு மணி பிளான்ட் கொண்டையிலதான் வந்துதுங்கறது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

கண்ணாடி வூட்டுக்குள்ள அவ நடந்துக்கிட்டதைப் பார்த்து நானே அசந்துட்டேன். தெர்மாகோலைப் புடிச்சிக்கினு செலை மாதிரி நின்னா. எந்தச் செடியையும் ஏறெடுத்துப் பாக்கல. குடுவைச்செடி எடுத்தேன், ஆர்க்கிட் எடுத்தேன், எல்லாம் பிரமாதமா வந்துது. பிரிட்டோ எட்டிப் பார்த்துட்டு, "அம்மா ரொம்ப அடக்கம் சார்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கே பெருமையா இருந்துது.

கடைசியா பிகோனியா. கீழ மண்டி போட்டு, மூச்சை அடக்கி, கேமராவைக் கண்ணுல வச்சேன்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லாத."

"சரி."

ரெண்டு படம் எடுத்தேன். ஏதோ உறுத்துச்சி. என்னன்னு புடிபடல.

"இன்னா சொல்ல வந்த?"

"ஒண்ணும் இல்லைங்க. முன்னாடி ஒரு எலை குறுக்க நிக்குது. தாலி கட்டும்போது பொண்ணை மறைச்சிக்கினு நிப்பாரே சித்தப்பா, அந்த மாதிரி."

பார்த்தேன். ஆமாங்க. சித்தப்பாவேதான். அந்த ஒரே ஒரு இலை முன்னாடி வந்து மொத்தச் செடியையும் மறைச்சிக்கினு நின்னுது. அதுக்கு அப்புறம் என் கண்ணுக்கு வேற எதுவுமே தெரியல. கேமராவை இந்தப் பக்கம் நகத்தினேன், அந்தப் பக்கம் நகத்தினேன். சித்தப்பாவும் கூடவே வந்தாரு. நூலைக் கட்டி பின்னாடி இழுத்தேன். நூலை உருவிக்கினு முன்னாடி வந்தாரு.

"விடுங்க"ன்னா அவ. "பித்தளத் தகட்டுல பேரு வரப்போவுது. குறுக்க ஒரு எலை இருந்தா இன்னா இப்போ. பாக்கறவங்க அந்தப் படக்காரருக்கு அவ்வளவுதான் தெரியும்னு போய்டப் போறாங்க."

என் தலைக்குள்ள அந்தத் தகடு பளபளன்னு மின்னிச்சி. அதுக்குக் கீழ நின்னுக்கினு நாலு டூரிஸ்ட்டு உதட்டைப் பிதுக்கறதும் தெரிஞ்சுது. கல்யாண வூட்டுல பொண்ணு நெத்தியில பூச்சரம் தொங்கினா நான் கேட்டுக்கினா ஒதுக்கறேன்? இருபது வருசத்துப் பழக்கம். கை தானா போச்சி. டக்குன்னு ஒரு சத்தம்.

கிள்ளிட்டேன். இலை என் கையில இருக்குது.

அதே நேரத்துல வெளிய பிரிட்டோ செருப்புச் சத்தம்.

"குமாரி, இன்னா பண்றது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் தெர்மாகோல் புடிச்சிக்கினு இருக்கேன்."

சட்டைப் பாக்கெட்டுல திணிக்கப் போனேன்.

"மடிக்காதீங்க, நரம்பு ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா இன்னா?"

"பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே. லென்ஸ் தொடைக்கிற துணியில சுத்தி பைக்குள்ள படுக்க வைங்க."

படுக்க வச்சேன். கிள்ளின இலைக்கு எதுக்குடா படுக்கைன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். என் மூளை அப்போ பிரிட்டோ செருப்புலயே இருந்துது.

படத்தை எடுத்து முடிச்சிட்டுக் கிளம்பினோம். கேட்டுல பிரிட்டோ தங்கச்சி ஜோஸ்பின் செல்வகுமாரியை மட்டும் தனியா கூட்டிக்கினு போய் சோதனை போட்டாங்க. பொடவை மடிப்பு, ஜாக்கெட்டு கை, பின்னல், எல்லாம். ஒரு தூசு கூட இல்ல. நான் பையை நீட்டினேன். பிரிட்டோ கும்புட்டாரு.

"ஒங்களைப் போய் சோதிக்கறதா? நீங்க கலைஞரு சார்."

வூட்டுக்கு வந்ததும் அவ மொகம் கூட கழுவல. நேரா என் பைகிட்ட போனா. துணியைப் பிரிச்சா. இலையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "ஒடையல"ன்னா. குருவிநத்தம் ஆத்து மணலு, பாதி அறுத்த தண்ணி பாட்டிலு, எல்லாம் ஏற்கெனவே தயாரா இருந்துது. பிகோனியாவுக்கு வேரு வேணாமாம், கிளை வேணாமாம். ஒரு இலையை நரம்புல கீறி ஈர மணல்ல படுக்க வச்சி மூடினா போதுமாம். செல்போனுல பார்த்து வச்சிருக்கா.

"சத்தியம் பண்ணியேடி."

"பண்ணேன். என் கையால கிள்ள மாட்டேன்னு. கிள்ளினேனா?"

"இல்ல."

"கொண்டாந்தேனா?"

"இல்ல."

"நீங்கதான் கிள்ளினீங்க. நீங்கதான் கொண்டாந்தீங்க. இருக்கட்டும், ஒங்க கை ராசியான கை. நல்லா வரும்."

வந்துது. மழைக்காலம் முடியறதுக்குள்ள மணலைப் பொத்துக்கினு குஞ்சு குஞ்சா எலை விட்டுது. தொட்டிக்கு மாத்தினா. வாசல்ல வச்சா. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. நான் மட்டும் பாக்கல. கனவுல பித்தளத் தகடு வந்து என் மொகத்துல அறைஞ்சிக்கினு இருந்துது.

ஒரு நாளு மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியா பார்த்தேன். பிரிட்டோ. ஓடிப்போய் தொட்டியைத் தூக்கியாந்து கூடத்துல வச்சி, ஸ்டுடியோ லைட்டுக் குடையை அது மேல கவுத்துட்டேன்.

பிரிட்டோ உள்ள வந்து ஒக்காந்தாரு. மொகம் செத்துப் போயிருந்துது. அவரு வழக்கமா ஆட்டற கை ரெண்டும் மடியில சும்மா கெடந்துது.

"சார், அந்த பிகோனியா அழுகிடுச்சி. நான்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன். பாரீசுல இருந்து ஓனரு மதாம் அடுத்த வாரம் வராங்க. மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. அவங்க அம்மா வளத்தது. நான் என்ன சொல்லுவேன்?"

பாவமா இருந்துது. மனசார ஆறுதல் சொன்னேன். அப்போ காபியோட வந்த செல்வகுமாரி குடையைப் பார்த்தா.

"இதை எதுக்குங்க மூடி வச்சீங்க? மூச்சு முட்டாதா?"

எடுத்துட்டா.

பிரிட்டோ பார்த்தாரு. செடியைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. மறுபடி செடியைப் பார்த்தாரு.

"இது எப்படி இங்க?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ சொன்னா. "எங்க வூட்டுக்காரரு கிள்ளினதுதான் சார். என் கையால நான் கிள்ளல. கோகிலாம்பா மேல சத்தியம்."

உண்மைதாங்க. ஒரு எழுத்து கூட பொய் இல்ல. அதுதான் எரிச்சலு.

பிரிட்டோ எழுந்து நின்னாரு. "ஒங்களைக் கலைஞருன்னு சொன்னேனே சார்"ன்னாரு. அவரு அறைஞ்சிருந்தா கூட தாங்கியிருப்பேன். "படம் பத்தும் கண்ணாடி போட்டு வந்துடுச்சி. தகட்டுல ஒங்க பேரை எப்படிப் போடணும்னு கேக்கத்தான் வந்தேன். இனிமே ஒங்க பேரைப் போட முடியாது. படத்தையும் மாட்டறதா இல்லையான்னு தெரியல."

"ஒக்காருங்க சார்"ன்னா செல்வகுமாரி. "மதாமுக்குச் செடி வேணும், இல்லைங்களா?"

"வேணும்மா."

"ரூலுப்படி கிள்ளினவங்க பேரு வரக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஆமாம்மா."

"அப்போ கிள்ளாதவங்க பேரு வரலாமில்ல? என்னை ஒங்க தங்கச்சியே சோதனை போட்டு அனுப்புனாங்க. நான்தானே அன்னைக்கு மொத்தமும் கூட நின்னேன். எது குறுக்க நிக்குதுன்னு பார்த்துச் சொன்னதும் நான்தான். என் பேரைப் போட்டுக்குங்க."

பிரிட்டோ யோசிச்சாரு. நானும் யோசிச்சேன். ரெண்டு ஆம்பளைங்க எவ்வளவு யோசிச்சும் அதுல ஒரு ஓட்டை கண்டுபுடிக்க முடியல.

"சரிம்மா. அப்போ செடியைக் குடுங்க."

"குடுக்க முடியாது சார். குடுத்தா புடிக்காது. நான் உள்ள போய் தம்ளர் கழுவறேன். இவரு கண்ணை மூடிக்குவாரு. நீங்க பாட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

பிரிட்டோ மாதா கோயிலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை தவறாத மனுசன். என் கண்ணு முழுசா மூடல. தெருவுல இந்தப் பக்கம் பார்த்துட்டு, அந்தப் பக்கம் பார்த்துட்டு, தொட்டியை மாருல அணைச்சிக்கினு ஓடினாரு. வண்டி கிளம்பின சத்தம் கேட்டதும் அவ சமையல் ரூம்புல இருந்து எட்டிப் பார்த்தா.

"எனக்கு இன்னொரு தொட்டி பின்னாடி இருக்குது. நீங்க கவலைப்படாதீங்க."

மதாம் வந்த அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தாங்க. நான் வெளுத்த சட்டை போட்டுக்கினு போனேன். ஹாலு சுவத்துல என் படம் பத்தும் வரிசையா இருந்துது. நடுவுல பிகோனியா, குறுக்க சித்தப்பா இல்லாம. பத்துக்குக் கீழயும் பித்தளத் தகடு. பத்துலயும் 'செல்வகுமாரி'. அந்தம்மா ஒவ்வொரு படத்து முன்னாடியும் நின்னு, கண்ணைத் தொடைச்சிக்கினு, எம்பொண்டாட்டி கையைப் புடிச்சிக்கினாங்க. அவங்க பிரெஞ்சுல சொன்னதை எல்லாம் பிரிட்டோ தமிழ்ல சொன்னாரு. வெளிச்சத்தை இப்படிப் பார்க்கிற கண்ணு பாரீசுலயே ரெண்டு மூணு பேருக்குத்தான் இருக்குதாம். அவ தலையைக் குனிஞ்சி, "எல்லாம் பழக்கம்தாங்க"ன்னா.

அப்புறம்தான் அந்தம்மா என்னைக் கவனிச்சாங்க. இவரு யாருன்னு கேட்டாங்க. "எங்க வூட்டுக்காரரு"ன்னு சொன்னா. பிரிட்டோ அதை பிரெஞ்சுல சொன்னாரு, கொஞ்சம் நீளமாவே சொன்னாரு. அந்தம்மா என்னைப் பரிதாபமா பார்த்து சிரிச்சாங்க.

பிகோனியா படத்துக்குக் கீழ செல்வகுமாரியோட நின்னு ஒரு படம் எடுத்துக்கணும்னு அவங்களுக்கு ஆசை. அவங்க செல்போனை என் கையில குடுத்தாங்க. நான் வாங்கி கண்ணுக்கு நேரா தூக்கினேன். அந்தம்மா கிட்ட வந்து, என் ஆள்காட்டி வெரலைப் புடிச்சி, எந்த எடத்துல அழுத்தணும்னு பொறுமையா ரெண்டு தடவை சொல்லிக் குடுத்தாங்க.